முகமும் முதலும்

சன் டிவியின் இரவு ஒன்பதரை மணி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே நடிகையின் வசம் இருந்தது. 1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது. பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’, ‘சந்திரகுமாரி’ என்று தலைப்புகள் மாறின. இயக்குநர்களும் வசனகர்த்தாக்களும் மாறினார்கள். ராதிகாவின் முகமும் அவருடைய தயாரிப்பு நிறுவனமான ராடானின் பெயரும் மாறவில்லை. ஆட்சிக்காலத்தின் நீளத்தையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு. ‘சின்னத்திரை ராணி’ போன்ற பட்டங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. மறுபுறம், மெகா சீரியல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்துக் கடந்துவிடும் சினிமா விமர்சகர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் தொடர்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள் என்று நம்புவது கடினம்.

நடிகை ராதிகாவையும் தயாரிப்பாளர் ராதிகாவையும் தனித்தனியே எடை போட வேண்டும். பிறகு, ஒருவர் மற்றவருக்கு என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் நடிகையை ஒருமுறை காப்பாற்றினார். காப்பாற்றிய நடிகையைப் பிற்பாடு கணக்கில்லாமல் செலவழித்தார்.

தொலைக்காட்சிக்கு அவர் கொண்டுவந்த கையிருப்பு சாதாரணமானதல்ல. ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) பாஞ்சாலியிடம் கதாநாயகிக்குரிய வார்ப்பு குறைவாகவும் இயல்பு கூடுதலாகவும் இருந்தன. ‘இன்று போய் நாளை வா’வில் நகைச்சுவையின் நேரக்கணக்கு அவருக்குப் பிடிபட்டிருந்தது. விசுவநாத்தின் ‘சுவாதி முத்யம்’ படத்தில் கமல்ஹாசனின் பாத்திரம் நடிகனுக்கு எல்லாச் சலுகையும் தருவது. எதிரில் நிற்கும் இளம் விதவைக்கு அப்படிக் கொடுக்கப்பட்டது எதுவும் இல்லை. அந்தப் படம் சமநிலை குலையாமல் நிற்பது ராதிகா காட்டிய அடக்கத்தால். ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயி அடக்கத்துக்கு நேரெதிர். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கிழிபடும் அந்தப் பெண்ணை உரத்த குரலில் நடித்தார். உரத்துச் சொன்னபோதும் பொய் ஒலிக்கவில்லை. இடையிடையே எண்பதுகளின் மசாலாப் படங்களில் வந்து போன பாத்திரங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவற்றில் அவர் பிழை செய்யவில்லை, சாதிக்கவும் இல்லை.

அவருடைய தனித்திறன் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்கத் தெரிந்தவர் என்பேன். தமிழ் நடிப்பில் இது அரிது. பெரும்பாலானவர்கள் தங்கள் முறை வருவதற்காகக் காத்திருப்பார்கள். ‘கேளடி கண்மணி’யில் (1990) பேச்சும் செவிப்புலனும் இல்லாத பெற்றோருக்கு மகளாக, சாரதா டீச்சராக அவர் வரும் காட்சிகளைப் பாருங்கள். கையசைவை வாங்கி, குரலாக மாற்றி, மறுபடி கையசைவாகத் திருப்பித் தரும் வேகத்தில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இருக்கிறது.

ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் முப்பது வயதைக் கடந்த நடிகைக்குத் தமிழ்ச் சினிமா வைத்திருந்த இடங்கள் அக்கா, அண்ணி, அம்மா. ‘ஜீன்ஸ்’ வந்த 1998இல் அவர் மூத்த தலைமுறையாகிவிட்டார். அதே வயதில் ஆண்கள் கல்லூரி மாணவர்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள். நடிகையாக அவர் செய்யக்கூடியது எதுவும் இதை மாற்றியிருக்காது; மாற்ற முதல் வேண்டியிருந்தது.

முதல் போடும் நடிகை நமக்குப் புதியவர் அல்ல. டி. பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தயாரித்து இயக்கினார். பானுமதிக்குப் பரணி இருந்தது; அஞ்சலிதேவிக்குச் சொந்த நிறுவனம் இருந்தது. சாவித்திரிக்குக் கையைச் சுட்ட சொந்தப் படமாக ‘பிராப்தம்’ நேர்ந்தது. ராதிகாவின் தந்தை எம். ஆர். ராதா நாடகக் குழு வைத்து, அந்தக் குழுவின் நடுநாயகமாகத் தாமே நின்று, ஒரே ‘ரத்தக்கண்ணீ’ரை ஊர் ஊராகப் பல்லாண்டு நடத்தியவர். நடிகனே முதலாளியாக இருக்கும் மேடை மரபு மகளுக்கு வீட்டுச் சொத்து. ராதிகா 1985இலேயே இதில் கால் வைத்துப் பார்த்தவர். பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ அவருடைய தயாரிப்பு. மனவளர்ச்சி குன்றிய இருவரின் காதலை எடுத்துக்கொண்ட அந்தப் படம், அறிமுக இயக்குநரின் முதல் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருதைப் பெற்றது. விற்காது என்று தெரிந்த கதைக்குப் பணம் போட்ட அந்தத் தயாரிப்பாளரை நினைவில் வைத்துக்கொள்வோம். அவரை மறுபடி சந்திக்க நமக்கு வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை.

சாவித்திரிக்கும் ராதிகாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திறமையில் தேடுவது வீண். வணிக அமைப்பில் தேட வேண்டும். படத் தயாரிப்பாளர் எல்லாவற்றையும் ஒரு வெள்ளிக்கிழமையில் பணயம் வைக்கிறார். சன் டிவி தொண்ணூறுகளில் வளர்த்த ‘ஸ்லாட்’ முறை வேறு. தயாரிப்பாளர் அரைமணி நேரத்துக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். அதற்குள் வரும் விளம்பர நேரத்தில் தமக்குரிய பங்கைத் தாமே விற்று, செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்வார். தினமும் முதலீடு, தினமும் வசூல். டி.ஆர்.பி. ஏறினால் விளம்பர விலை ஏறும். தொடரின் உரிமையும் தயாரிப்பாளரிடம் தங்கும். ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’யாக ஜெமினிக்குப் போனது அந்த உரிமையின் பயன். 1994இல் தொடங்கிய ராடான் பின்னாளில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானதற்கு இந்த முறைதான் அடித்தளம். இதைச் சரியாகப் படித்தவர்கள் சிலரே. அவர்களில் தம் முகத்தையே விற்பனைச் சரக்காகவும் வைத்திருந்தவர் ராதிகா. தமக்குச் சம்பளம் கொடுக்கும் நாயகியாகத் தாமே இருந்ததால், நாயகி கால்ஷீட் கொடுக்காமல் இழுத்தடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. வெற்றிபெறும் தொடரை முடிப்பது நஷ்டம். கதை எங்கே முடிய வேண்டும் என்பதைக் கதை தீர்மானிக்காது; விளம்பரதாரர் தீர்மானிப்பார். ராடானின் நிறைகுறைகள் எல்லாவற்றையும் இந்த ஓர் உண்மையை வைத்தே படிக்க முடியும்.

‘சித்தி’யின் கருப்பொருள் புதிதல்ல. தாயில்லாப் பிள்ளைகளுக்கு மாற்றாந்தாயாக வந்து அன்பால் வெல்பவளைப் பத்மினி 1966இலேயே அதே பெயர் கொண்ட படத்தில் நடித்துவிட்டார். அதில் எம். ஆர். ராதாவும் இருந்தார் என்பது சுவையான தற்செயல். தற்செயல் என்று சொல்ல முடியாத இன்னோர் உறவு ‘கேளடி கண்மணி’யோடு இருக்கிறது. அங்கே சாரதா, மனைவியை இழந்து மகளோடு இருப்பவரை விரும்புகிறாள். சிறுமியின் எதிர்ப்பில் கல்யாணம் நின்றுபோகிறது. ‘சித்தி’யிலும் நாயகியின் பெயர் சாரதா, மனைவியை இழந்தவர், ஒரு மகள் என்ற அதே அமைப்பு, ஆனால் இங்கே கல்யாணம் நடந்துவிடுகிறது. படம் மூடிய கதவைத் தொடர் திறந்து உள்ளே போய்ப் பார்க்கிறது. திட்டமிட்டுச் செய்தார்களா என்பது நமக்கு முக்கியமில்லை. ஒரு நடிகையின் வாழ்க்கையில் ஒரு பாத்திரம் பத்தாண்டு இடைவெளியில் தன் மறுபாதியைக் கண்டெடுத்தது அபூர்வம்.

‘சித்தி’யின் சாதனை காலத்தைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. மாற்றாந்தாய் ஏற்கப்படுவதைப் படம் இரண்டரை மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரு தியாகம், ஒரு விபத்து, ஒரு கண்ணீர்க் காட்சி என்று குறுக்கு வழி போகும். தினத்தொடருக்கு அந்த அவசரமில்லை. முதல் சில மாதங்களில் சி. ஜே. பாஸ்கரின் இயக்கம் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டது. காவேரி என்ற குழந்தை சாரதாவிடம் நெருங்குவது சோற்றுத் தட்டு, பள்ளிக்கூடப் பை, தலைவாரல் என்று சின்னச் சின்ன வீட்டு வேலைகள் வழியே நடக்கிறது. சிவகுமார் தம் வழக்கமான கண்ணியத்தோடு ஒதுங்கி நின்று இடம் கொடுக்கிறார். தினா இசையமைத்து நித்யஸ்ரீ பாடிய முகப்புப் பாடல் தெருவுக்கே நேரம் சொன்னது. இந்தியில் ஏக்தா கபூரின் ‘கியோங்கி’ தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பே தமிழில் இது நடந்தது என்பதைத் தில்லிப் பத்திரிகையாளர்கள் எழுதும் தொலைக்காட்சி வரலாறுகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

அதே தொடரின் பின்பகுதி வேறு கதை. பழைய பகுதிகள் யூடியூபில் விளம்பர இடைவேளை இல்லாமல் கிடைக்கின்றன; அப்படிப் பார்க்கும்போது தையல்கள் வெளியே தெரிகின்றன. ஒருவர் ஒரு வாக்கியம் பேசுகிறார். காமிரா மூன்று முகங்களுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பின்னணி இடி. அடுத்த வாக்கியம் வருவதற்கு முன் இடைவேளை. திரும்பி வந்ததும் முந்தைய வாக்கியம் மறுபடி பேசப்படுகிறது. ஒரு முழுப் பகுதியில் கதை நகர்வது ஓரடி. மற்றதெல்லாம் நேற்றைய நினைவூட்டலும் நாளைய கொக்கியும். நாளுக்கு இத்தனை சீன் என்று முடித்தாக வேண்டிய படப்பிடிப்பில், உதவி இயக்குநர் காமிராவுக்குப் பின்னால் நின்று ‘பிராம்ப்ட்’ செய்ய, நடிகர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும் முறையில், கேட்டு நடிப்பதற்கு இடமேது? சுற்றியிருப்பவர்கள் எல்லாம் முகத்தை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது ராதிகா மட்டும் குரலைத் தணித்துப் பேசுவார். அந்த வேறுபாடே அவரைத் தனித்துக் காட்டியது. ஆனால் அது ஒரு நடிகையின் தற்காப்பு. தொடரின் நடிப்பு முறையாக அது ஆகவில்லை. ஆக்கியிருக்கக்கூடிய அதிகாரம் தயாரிப்பாளரிடம் இருந்தது. அதை அவர் பயன்படுத்தவில்லை என்பது என் முதல் குற்றச்சாட்டு.

‘அண்ணாமலை’ (2002–2005) சூத்திரத்தை உறுதி செய்தது. தனித்து நிற்கும் பெண், அவளைச் சூழும் சூழ்ச்சி, சொத்துப் பத்திரம், ஆள்கடத்தல், ஆஸ்பத்திரிப் படுக்கை, மீட்சி. நாயகியின் வலிமை என்று இங்கே கொண்டாடப்படுவது பெரும்பாலும் தாங்கும் வலிமை. அவள் முடிவெடுப்பதைவிட, பிறர் எடுத்த முடிவுகளின் விளைவைச் சுமப்பதே அதிகம். அவளுக்கு எதிரி வேண்டும். எதிரியும் பெரும்பாலும் பெண்ணாக இருப்பாள். பெண் தயாரிக்கும் தொடர் என்பதால் பெண் பற்றிய பார்வை மாறிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். ஆனாலும், சம்பாதிக்கும், வழக்காடும், காக்கிச் சட்டை போடும், நடுவயதைத் தாண்டிய ஒரு பெண் வாரத்தில் ஐந்து நாள் கதையின் மையத்தில் நின்றாள் என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். அன்றைய சினிமா அவளை ஐந்து நிமிடம் மையத்தில் வைக்கத் தயாராக இல்லை.

ஒப்பிடாமல் தரம் தெரியாது. ராதிகாவுக்கு முன்பே நாகாவின் ‘மர்மதேசம்’ தொடருக்கு முடிவு உண்டு என்ற நெறியை நிறுவியிருந்தது. கே. பாலசந்தரின் தொடர்களில் எழுத்தாளரின் கை தெரிந்தது. ‘அண்ணாமலை’ ஓடிய அதே ஆண்டுகளில் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனைச் சுற்றி, ஒற்றை நாயகி என்ற தூணே இல்லாமல், ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தையும் பேச்சையும் பதிவு செய்தது. திருச்செல்வத்தின் ‘கோலங்க’ளுக்கும் இழுவை நோய் உண்டு; ஆனால் தேவயானியின் அபியை எதிர்க்க ஆதி என்ற முழு மனிதன் அதில் இருந்தான். ராடானின் தொடர்களில் நாயகிக்கு நிகரான இரண்டாவது பாத்திரத்தைத் தேடிப் பாருங்கள். வலுவான துணைநடிகர்கள் கிடைப்பார்கள். வலுவான துணைப்பாத்திரம் கிடைப்பது அரிது. எல்லா வெளிச்சமும் ஒரே முகத்தில் விழும்படி அமைத்த பந்தல் அது.

இந்தக் குறை தன் உச்சத்தைத் தொட்ட இடம் ‘வாணி ராணி’ (2013–2018). ஒருத்தி வக்கீல், ஒருத்தி இல்லத்தரசி, இரட்டைச் சகோதரிகள், அண்ணன் தம்பிகளை மணந்தவர்கள், இருவரும் ராதிகா. 1,700ஐத் தாண்டிய பகுதிகள். இரட்டை வேடம் நடிகைக்குச் சவால் என்று விளம்பரம் செய்தார்கள். தொடக்கத்தில் சவால்தான். நடை, புடவைக் கட்டு, பேச்சின் வேகம் ஆகியவற்றில் இருவரையும் பிரித்து வைத்தார். வாணியின் பொறுமையின்மையில் நல்ல நகைச்சுவையும் இருந்தது. ஆயிரம் பகுதிகளுக்குப் பிறகு வேறுபாடு உடையில் மட்டும் மிஞ்சியது. நாயகிக்கு நிகரான எதிர்ப்பாத்திரம் தேவைப்பட்டபோதும் அதை இன்னொருவருக்குக் கொடுக்காமல் அதே நடிகைக்கே கொடுத்தது ராடானின் தர்க்கத்தை ஒளிவுமறைவில்லாமல் காட்டியது. விளம்பரதாரர் பணம் கொடுப்பது அந்த முகத்துக்கு. அப்படியானால் அந்த முகம் இரண்டு மடங்கு தோன்றட்டும். வணிகமாக இதில் குறை காண முடியாது. கலையாக, ஒரு நல்ல நடிகையிடமிருந்து அவர் கேட்டு நடிப்பதற்கான எதிராளியை அது பறித்துவிட்டது. பல காட்சிகளில் அவருடைய எதிரில் நின்றது ஒரு டூப்பின் முதுகு.

தயாரிப்பாளராக அவர் பிறருக்குத் திறந்த வாசல்களை மறைக்கக் கூடாது. சமுத்திரக்கனி ‘அரசி’யை இயக்கினார். ரம்யா கிருஷ்ணன் நடத்திய ‘தங்கவேட்டை’ ராடானின் வெற்றி. வி. பிரியாவுக்கு ‘கண்ணாமூச்சி ஏனடா’ (2007) கிடைத்தது. தமிழில் பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணிய காலம் அது. படம் இலேசானது, ஆனால் நேர்த்தியானது. ராதிகாவும் சத்யராஜும் வரும் காட்சிகளில் ஒரு தாம்பத்தியத்தின் பழக்கவழக்கம் உண்மையாக இருந்தது. ‘ஜக்குபாய்’ (2010) வெளியாவதற்கு முன்பே இணையத்தில் கசிந்து பெரும் பரபரப்பானது. கசியாமல் இருந்திருந்தாலும் அதன் தரம் கூடியிருக்காது. மொத்தத்தில், திரைப்படத் தயாரிப்பில் ராடானுக்கு ஒரு முகவரி உருவாகவில்லை. ‘மீண்டும் ஒரு காதல் கதை’க்குப் பணம் போட்டவர் இந்தப் பட்டியலில் எங்கேயும் தலைகாட்டவில்லை.

ஆச்சரியம் ‘கோடீஸ்வரி’யில் வந்தது. கலர்ஸ் தமிழில் 2019 டிசம்பரில் தொடங்கிய, பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட வினாடி வினா. இங்கே அவர் தயாரித்த கதையோ, அவருக்கு எழுதிய வசனமோ இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் பேசுவதை அவர் கேட்க வேண்டும்; அவ்வளவுதான். பேசவும் கேட்கவும் இயலாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்ற அந்தப் பகுதியில், ராதிகா நிதானமாக, எதிரில் இருப்பவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உரையாடினார். பல ஆண்டுத் தொடர்களில் நாம் இழந்துவிட்ட நடிகை அங்கே இருந்தார்.

ஒரு நிறுவனத்தின் உறுதிக்கு ஒரே சோதனைதான்: நிறுவியவர் எழுந்து போன பிறகு அது நிற்கிறதா? 2020இல் வந்த ‘சித்தி 2’ பழைய பெயரின் கடனை நம்பி எழுப்பிய தொடர். 2021 தேர்தலையொட்டி அரசியலுக்காக அவர் தொடரிலிருந்து விலகினார். வெண்பா, கவின் என்ற இளம் ஜோடியை வைத்துத் தொடர் 2022 வரை ஓடி முடிந்தது. அந்த இளம் ஜோடிக்குத் தனி ரசிகர் கூட்டம் சேர்ந்தது என்பது, பிறருக்கும் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாமதமாகக் கிடைத்த சான்று. அதன்பின் அந்த நேரத்தை, அந்த இடத்தை, அந்த அதிகாரத்தை ராடான் மறுபடி பிடிக்கவில்லை. இடையில் ஸ்லாட் முறையே தேய்ந்து, சேனல்கள் தாமே பணம் போட்டு எடுப்பிக்கும் முறை வலுத்துவிட்டது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகளில் தமக்கு இணையான இன்னொரு முகத்தையோ, தம் பெயரால் அறியப்படும் ஓர் எழுத்தாளர் வரிசையையோ உருவாக்காமல் விட்டதற்கு அவரே பொறுப்பு. எம். ஆர். ராதாவின் நாடகமும் எம். ஆர். ராதாவோடு முடிந்தது. மேடையில் அதை மரபின் இயல்பு என்று விடலாம். பங்குதாரர்கள் உள்ள நிறுவனத்துக்கு அந்தச் சமாதானம் போதாது.

2024இல் விருதுநகரில் பாஜக வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்றதை இங்கே சேர்த்து எடை போட வேண்டியதில்லை. அது வேறு துறை, வேறு அளவுகோல்.

நடிகையைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. தொடர்களின் நடுவிலும் பிறகும் அவர் நடித்த படங்களை வரிசையாகப் பாருங்கள். ‘நானும் ரௌடிதான்’ மீனாகுமாரி, மகனைப் போலீஸில் சேர்க்கப் பணம் கட்டும் போலீஸ்காரி. ஒரு தசையைக்கூட அநாவசியமாக அசைக்காமல் சிரிக்க வைக்கிறார். சீனு ராமசாமியின் ‘தர்மதுரை’யில் பூட்டிய அறையிலிருந்து மகனைத் தப்பவிடும் தாய், ஒரு மெகா தொடர் அந்த முடிவுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருக்கும், அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருக்கிறது. ‘வானம் கொட்டட்டும்’ படத்தில் சிறையிலிருந்து திரும்பும் கணவனை எதிர்கொள்ளும் மனைவி. தனியே பிள்ளைகளை வளர்த்த களைப்பும், பழைய ஆசையும், பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் ஒரே சமயத்தில் அவர் உடம்பில் இருக்கின்றன. எல்லாமே அம்மா வேடங்கள்தாம். எதிலிருந்து தப்பிக்கத் தொலைக்காட்சிக்குப் போனாரோ அதே வேடங்கள். ஆனால் இந்தப் படங்களில் மூன்று நாளோ முப்பது நாளோ கால்ஷீட் கொடுத்துவிட்டு, இன்னொருவரின் கதைக்குள், இன்னொருவரின் முதலில் நிற்கிறார். எதிரில் விஜய் சேதுபதி இருக்கிறார், சரத்குமார் இருக்கிறார், அவர்கள் பேசுகிறார்கள், இவர் கேட்கிறார். ‘சித்தி’யின் முதல் நூறு பகுதிகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை இந்தப் படங்களே. ‘செல்லமே’, ‘வாணி ராணி’ ஆண்டுகளை அந்த வரிசையில் சேர்க்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.